மறைந்தவரின் மணல்தொட்டியில் கை வைக்காதீர்கள்

விக்கி நிர்வாகிகளுக்கும் அதிகாரிகளுக்கும்,

ஆறு மாதமாக யாரும் தொடாத பயனர் துணைப்பக்கங்களை, அதாவது மணல்தொட்டி என்று சொல்கிற வரைவுப் பக்கங்கள் போன்றவற்றை, நீக்கப்போவதாகப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் மறைந்துபோன எங்கள் சக தொகுப்பாளருடைய பக்கங்களும் இருக்கின்றன. அவர் ஏன் தொடவில்லை என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய பேச்சுப் பக்கத்தில் இரங்கல் எழுதிய கையாலேயே உங்களில் ஒருவர் அந்தப் பட்டியலையும் ஒட்டியிருக்கிறார். கேட்டால், பட்டியலை எடுத்தது தானியங்கி என்கிறீர்கள். இருக்கட்டும். நீக்கு என்ற பொத்தானை அழுத்தப்போவது நிர்வாக அணுக்கம், அதாவது நிர்வாகிக்குரிய உரிமை, பெற்ற ஒரு மனிதர். அவரிடம்தான் பேசுகிறோம்.

எந்த விக்கி, எந்தப் பயனர் என்று இந்த மடலில் எழுதப்போவதில்லை. விக்கியைச் சொல்லாததற்குக் காரணம், இந்தக் கோளாறு எந்த விக்கியிலும் நடக்கக்கூடியது. பயனரைச் சொல்லாததற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் என்ன அழியப்போகிறது என்று பாருங்கள். அவர் எழுதியதில் பெரும்பகுதி நீர்நிலைகளைப் பற்றியது. ஒரு காலத்தில் மதகு, கலிங்கு என்று எதைத் தேடினாலும் அணை என்ற ஒரே கட்டுரைக்கு வழிமாற்று இருந்தது. அதை உடைத்துத் தனித்தனிக் கட்டுரை ஆக்கியவர் அவர். மதகு, பாசனத்துக்கு வேண்டிய நீரைத் திறந்து அடைக்கும் வாய். கலிங்கு, ஏரி நிறைந்த பின் மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்தோடுவதற்காகக் கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கல் வரிசை. அதன் தலையில் நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு நடுவே பலகையோ மண்ணோ வைத்து அடைத்தால் ஏரியில் இன்னும் கொஞ்சம் நீர் நிற்கும். வெள்ளம் வருகிற நேரத்தில் அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் கரை போகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவருக்கு ஏரி எப்படி வேலை செய்கிறது என்பதே புரியாது. கட்டுரையைப் பிரித்ததோடு அவர் விடவில்லை. பல மொழி விக்கிகளின் கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைக்கும் விக்கித்தரவில் இரண்டுக்கும் வேறுவேறு உருப்படி இருக்கிறதா, பிற மொழிக் கட்டுரைகள் சரியான இடத்தில் இணைந்திருக்கின்றனவா என்று பார்த்து, மாறிக் கிடந்தவற்றை மாற்றி வைத்தார். தொகுப்புச் சுருக்கத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "மதகு வேறு, கலிங்கு வேறு."

அண்மைய மாற்றங்கள் பட்டியலில் அவருடைய தொகுப்புகள் பெரும்பாலும் சின்ன எண்ணோடுதான் தெரியும். அந்த எண், பக்கம் எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது என்பது. "ஏரி கரை" என்று பிரிந்து கிடப்பதை "ஏரிக்கரை" என்று சேர்த்தால் +5. யூனிகோடின் UTF-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு. ககரமும் அதன் புள்ளியும் 6, எடுத்த இடைவெளி 1, மீதி 5. எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டுகிறவருக்கு அதே பட்டியலில் ஐந்திலக்க எண் பச்சையில் மின்னும். எண்ணிக்கையை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அளவுகோலில் அவர் கடைசி வரை நடுத்தரப் பயனர்தான். உங்கள் அஞ்சலிக் குறிப்பிலும் தொகுப்பு எண்ணிக்கைதான் முதல் வரியில் இருக்கிறது. அவர் எதைச் செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது அந்த மணல்தொட்டிக்கு வருவோம். பட்டியலில் இருக்கும் பக்கங்களில் ஒன்று, ஓர் ஏரியைப் பற்றிய பாதிக் கட்டுரை. வாசிக்கும் பார்வையில் "கல்வெட்டு" என்று ஒரு தலைப்பு, கீழே ஒன்றுமில்லை. வெற்றுப் பகுதி என்று யாரும் நினைப்பார்கள். தொகு என்பதை அழுத்திப் பாருங்கள். வாசகருக்குத் தெரியாத மறைகுறிப்பாக அங்கே எழுதியிருக்கிறார்: "தூம்புக் கல்லில் எழுத்து உண்டு. நேர் வெயிலில் தெரியாது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுக்க வேண்டும்." தூம்பு, ஏரி நீரை வெளியே விடும் அமைப்பு. கல்வெட்டைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தக் குறிப்பு புரியும். உச்சி வெயிலில் பொறிப்புக்குள் நிழல் விழாது, கல் மொட்டையாகத் தெரியும். இப்படி அந்தப் பக்கங்களில் பத்தியைவிட மறைகுறிப்புகள் அதிகம். எந்த நூலில் எந்தப் பக்கம், எந்தத் தகவலை நம்பக்கூடாது, எந்த ஊர்ப் பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் என்று அடுத்து எழுதுகிறவருக்கு வேண்டியதெல்லாம் அதில்தான். பட்டியலை எடுத்த உங்கள் வினவல் அவற்றைப் படிக்கவில்லை.

நீக்கினாலும் தரவுத்தளத்தில் இருக்கும், வேண்டுமானால் மீட்டெடுத்துக்கொள்ளலாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நீக்கிய பக்கத்தை நிர்வாகிகளைத் தவிர வேறு யாராலும் பார்க்க முடியாது, தேடலிலும் வராது. இருப்பது தெரியாத ஒன்றை யார் வந்து மீட்கச் சொல்வார்கள்?

துணைப்பக்கம் என்றாலே வரைவு என்று எடுத்துக்கொண்டதும் பிழை. அவருடைய துணைப்பக்கங்களில் நிரல் பக்கமும் உண்டு. அவர் தனக்காக எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பிறரும் தங்கள் நிரல் பக்கத்திலிருந்து அழைத்துப் பயன்படுத்துகிறார்கள். அதை நீக்கினால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அது தரும் பொத்தான் காணாமல் போகும், ஏன் என்றும் தெரியாது. பயனர்வெளியில் அவர் வைத்திருந்த வார்ப்புரு ஒன்றை, அதாவது பல பக்கங்களில் இட்டுப் பயன்படுத்தும் துண்டை, கட்டுரைகள் உள்ளிட்டுக்கொண்டிருந்தால் அங்கெல்லாம் சிவப்பு இணைப்பு வரும். நீக்கும் முன் "இப்பக்கத்தை இணைத்தவை" என்பதை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

விக்கிகளுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் நடப்பது இன்னும் மோசம். மூலமோ உரிமமோ அனுமதியோ தெளிவாக இல்லாத படத்துக்கு அறிவிப்பு ஒட்டப்படும். ஏற்றியவர் ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் படம் நீக்கப்படும். அறிவிப்பு போவது ஏற்றியவரின் பேச்சுப் பக்கத்துக்கு. அவருடைய பேச்சுப் பக்கத்தை இப்போது திறந்து பாருங்கள். "ஆழ்ந்த இரங்கல்", "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று வரிசையாக இருக்கிறது. அதற்குக் கீழே, "வணக்கம், நீங்கள் பதிவேற்றிய கோப்புக்கு" என்று தொடங்கும் அறிவிப்பு. அதற்குக் கீழே இன்னொன்று. மேலே எழுதியவர்கள் யாரும் கீழே உள்ளதைப் படித்ததாகத் தெரியவில்லை. தொடக்க காலத்தில் ஏற்றிய படங்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். அப்போது உரிம வார்ப்புருவைச் சரியாக இடாமல் "என் சொந்தப் படம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது பலருக்கும் வழக்கம். அந்த வாக்கியம் அங்கே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி நீக்கல் உரையாடலில் வாதாட ஓர் ஆள் போதும். அந்த ஆள்தான் இல்லை.

வீட்டில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு இதைவிடக் குறைவு. கணினி, வெளி வன்தட்டு, குறிப்பேடுகள். பழைய குறிப்புகளை அவர் காலத்து ஆட்கள் பலரைப் போலப் யூனிகோடுக்கு முந்தைய பாமினியிலோ திஸ்கியிலோ தட்டச்சிட்டிருப்பார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து வீட்டார் அழித்துவிடுவார்கள். உண்மையில் ஒரு குறியேற்ற மாற்றியில் போட்டால் சில நொடியில் யூனிகோடாக வந்துவிடும். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்பது அடுத்த தவறு. வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நாளும் கருவியும் இருப்பிடமும் பதிந்த உட்தகவல் போய்விடும். அப்படி வந்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றினால், இணையத்திலிருந்து எடுத்தது என்ற சந்தேகத்தில் அடுத்த அறிவிப்பு வரும். யாராவது நேரில் போய், கம்பி போட்டு, மூலக் கோப்பாகவே படியெடுக்க வேண்டும்.

உரிமை விஷயத்திலும் தெளிவு வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது விக்கியில் சேர்த்தவை, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியானவை. அதைத் திரும்பப் பெற முடியாது, வாரிசுகளிடம் புதிதாக அனுமதி கேட்கவும் தேவையில்லை. ஆனால் வன்தட்டில் வெளியிடப்படாமல் இருக்கும் படங்களின் பதிப்புரிமை வாரிசுகளுக்குப் போய்விட்டது. இந்தியாவில் படைப்பாளி இறந்த பிறகும் 60 ஆண்டு அது நீடிக்கும், இலங்கையில் 70 ஆண்டு. ஆகவே மகன் தொலைபேசியில் "போட்டுக்குங்க தம்பி" என்று சொன்னது போதாது. சட்டப்படி வாரிசானவர்கள் எல்லாரும் சேர்ந்து, எந்தெந்தக் கோப்புகள், எந்த உரிமம், தாங்கள் எப்படி உரிமையாளர்கள் என்று எழுதி, விக்கிமீடியாவின் தன்னார்வப் பதிலளிப்புக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வாரிசுகள் தரும் அனுமதிக்கென்றே பொதுவகத்தில் தனி உரிம வார்ப்புருக்கள் இருக்கின்றன. மடலின் வாசகத்தை நாம் எழுதிக் கொடுத்து, பொருளை விளக்கி, ஒப்புதல் கேட்டால் வேலை முடியும். துக்க வீட்டில் உரிமப் பத்திரத்தை நீட்டுவது அழகில்லைதான். கருமாதி முடியட்டும். ஆனால் வீட்டைக் காலி செய்கிற நாளுக்கு முன்னால் போய்விட வேண்டும், பழைய பேப்பர்க்காரர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.

அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்று சொல்கிறோம் என்றோம். அவர் ஆண்டுக்கணக்காகப் புனைபெயரில் எழுதினார். சந்திப்புகளுக்கு வந்தபோதும் படம் எடுக்க வேண்டாம் என்று கையை உயர்த்தியவர். அவர் இறந்த அன்று பொது உரையாடல் பக்கத்தில் இயற்பெயர், பார்த்த வேலை, ஊர், எந்த நோய், எந்த மருத்துவமனை என்று எல்லாம் வந்துவிட்டது. குழுப் படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி எடுத்தும் போட்டுவிட்டீர்கள். அன்பால் செய்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் தன் அடையாளத்தை மறைத்து வைத்தது உயிரோடு இருக்கும் வரைக்கும் மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது? குடும்பத்தைக் கேட்டீர்களா? அந்தத் திருத்தங்களை மறைக்க உங்களிடம் கருவி இருக்கிறது. சில குப்பைத் தொகுப்புகளுக்கு உடனே பயன்படுத்துகிறீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு, கட்டுரைவெளியில், அதாவது கலைக்களஞ்சியக் கட்டுரைகளுக்கான பகுதியில், அவரைப் பற்றித் தொடங்கிய கட்டுரை. விக்கியில் நன்றாக எழுதினார் என்பது மட்டும் கலைக்களஞ்சியத் தகுதி ஆகாது. அவரைப் பற்றிச் சார்பற்ற ஊடகங்கள் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க விக்கிப்பீடியர் ஏட்ரியன் வாடெவிட்ஸ் பாறையேற்ற விபத்தில் காயமடைந்து 2014 ஏப்ரலில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கற்குறிப்பு வெளியிட்டது. அவருக்குக் கட்டுரை இருப்பது அதுபோன்ற சான்றுகளால். நம்மவருக்கு அப்படி எதுவும் இல்லை. இப்போது அந்தக் கட்டுரைக்கு நீக்கல் வார்ப்புரு விழுந்து, "குறிப்பிடத்தக்கவர் அல்லர்" என்று வாக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் இருந்திருந்தால் முதல் நீக்கல் வாக்கு அவருடையதாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் அவருடைய பிள்ளைகள் இணையத்தில் தேடிப் பார்க்கும்போது கண்ணில் படப்போவது இந்த வாக்கெடுப்பு. நினைவுப் பக்கத்துக்கு இடம், விக்கிச் சமூகத்தின் சொந்தப் பக்கங்களுக்கான திட்டப்பெயர்வெளி.

அவர் பெயரில் கட்டுரைப் போட்டி அறிவித்திருக்கிறீர்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு புள்ளி, குறைந்தது 300 சொல், தலைப்பு எதுவும் ஆகலாம். இதில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தில் வந்து குவிந்த கட்டுரைகளைத் துப்புரவு செய்யத் தமிழ் விக்கிப்பீடியர்கள் எவ்வளவு காலம் மல்லுக்கட்டினார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? வாழ்நாளெல்லாம் பிழை திருத்தியவரின் பெயரில் பிழை பெருகுவதற்குப் பரிசு கொடுப்பது விந்தை. வாடெவிட்ஸ் நினைவாக நடந்த தொகுப்புக் கூட்டங்களைப் பாருங்கள். மேரி வுல்ஸ்டன்கிராப்ட் தொடங்கிப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் செய்துவந்த வேலையைத் தொடரும் விதமாக அவை நடந்தன. சிரியாவின் பாசெல் கர்த்தபீல் விக்கிப்பீடியாவுக்கும் படைப்பாக்கப் பொதுமத்துக்கும் உழைத்தவர். 2012 மார்ச்சில் கைதாகி, 2015இல் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட செய்தி வெளியே வந்தது 2017இல். பல்மைரா என்ற பழைய நகரத்தை முப்பரிமாண வடிவில் மீட்டெழுப்பும் அவருடைய வேலை பாதியில் நின்றிருந்தது. நண்பர்கள் அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து, எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

கணக்கைப் பற்றி ஒரு சொல். அவருக்கு நிர்வாக அணுக்கம் இருந்தது. இரண்டு ஆண்டு செயல்படாவிட்டால் தானாகவே பரிசீலனைக்கு வரும் என்று விட்டுவிட்டீர்கள். பல ஆண்டாக மாற்றாத கடவுச்சொல்லோடு ஆளில்லாமல் கிடக்கும் நிர்வாகிக் கணக்கைப் போல ஊடுருவுகிறவனுக்கு வசதியானது வேறில்லை. அதற்காகக் கணக்கைத் தடை செய்துவிடவும் வேண்டாம். தடைப் பதிகை எப்போதும் அழியாது. பின்னால் பார்க்கிறவர் ஏதோ விதிமீறல் என்றுதான் நினைப்பார்.

எனவே நாங்கள் கேட்பது இவை.

நீக்கற்பட்டியலிலிருந்து அவருடைய பெயரில் தொடங்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே நீக்கிய பக்கம் ஏதேனும் இருந்தால் மீட்டெடுங்கள். இனிமேல் வினவல் எழுதும்போது மறைந்த பயனர்களின் பகுப்பை விலக்கி எழுதுங்கள்.

மூன்று பேர் கொண்ட குழுவை அமையுங்கள். பக்கப் பெயரின் தொடக்கத்தை வைத்துத் தேடும் முன்னொட்டுத் தேடலில் அவருடைய துணைப்பக்கங்கள் மொத்தமும் வந்துவிடும். ஏறக்குறைய முடிந்த வரைவுகளைக் கட்டுரைவெளிக்கு நகர்த்துங்கள். நகர்த்துங்கள் என்றால் நகர்த்து பொத்தானால். வெட்டி ஒட்டினால் வரலாறு அறுந்து, எழுதியவர் ஒட்டியவர் என்று ஆகிவிடும். பாதியில் நிற்பவற்றைத் திட்டப்பக்கத்தின் கீழ் கொண்டுவந்து பொறுப்பாளர் பெயரைப் போடுங்கள். வெறும் குறிப்புகளைத் தொடர்புடைய கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: தன் வசதிக்காக நூல்களிலிருந்து நீளமாகப் படியெடுத்து வைத்த பகுதிகள் அவற்றில் இருக்கக்கூடும். பதிப்புரிமை உள்ளதை நகர்த்தும் முன் அகற்றுங்கள். இந்த ஒன்றில் உங்கள் கத்தரிக்கோலை நாங்களும் ஏற்கிறோம். ஸ்கிரிப்டை, தளத்தின் நிரலைத் தொகுக்கும் உரிமை உள்ள இடைமுக நிர்வாகி ஒருவர் பொதுக் கருவியாக மாற்றட்டும்.

பயனர் பக்கத்தை நிர்வாகிகள் மட்டும் தொகுக்கும்படி காலவரையின்றிக் காத்து வையுங்கள். பேச்சுப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள், ஆனால் அதையும் அவருடைய பொதுவகப் பேச்சுப் பக்கத்தையும் குழுவில் மூவரும் கவனிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏழு நாள் அறிவிப்புக்கு மூன்றாம் நாளுக்குள் பதில் போக வேண்டும். நிர்வாக அணுக்கத்தை நீக்க, எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேல்விக்கியில், பயனர் அணுக்கங்களை மாற்றும் உரிமை உள்ள ஸ்டூவர்டுகளிடம் வேண்டுகோள் வையுங்கள், காரணத்தை "மறைவு" என்று தெளிவாக எழுதி. குடும்பத்தாரிடம் கடவுச்சொல் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடையாளம் வெளிப்பட்ட திருத்தங்களை இப்போதே மறையுங்கள். குடும்பத்தைக் கேட்டு, எழுத்தில் சரி என்றால் மட்டும் வெளியிடுங்கள். அடுத்து ஒருவர் இறந்ததாகச் செய்தி வரும்போது நேரில் அறிந்த ஒருவராவது உறுதி செய்யும் வரை பதாகை போடாதீர்கள், இறந்ததாகப் பரப்பும் விளையாட்டுகளை இணையத்தில் பார்த்திருக்கிறோம். கட்டுரைவெளியில் உள்ள பக்கத்தைத் தொடங்கியவரே திட்டப்பெயர்வெளிக்கு மாற்ற ஒப்புக்கொண்டால் வாக்கெடுப்பை முடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் எண்ணிக்கை வேண்டாம், மதகு என்றும் கலிங்கு என்றும் எழுதுங்கள்.

போட்டியை நிறுத்துங்கள். பதிலாக, அவர் தொடங்கிய நீர்நிலைக் கட்டுரைகளுக்கு ஒரு மாதத் துப்புரவு நடத்துங்கள். செத்துப்போன செய்தித்தள இணைப்புகளுக்கு இணைய ஆவணக் காப்பகப் படியைத் தேடிச் சேர்ப்பது, பக்க எண் இல்லாத மேற்கோளுக்கு நூலைப் பார்த்து எண் போடுவது, பகுப்பில்லாத படங்களுக்குப் பகுப்பிடுவது. +5 தொகுப்புகள்தான், புள்ளி கிடையாது.

கடைசியாக, அந்தத் தூம்புக் கல். ஏரிக்குள் நிற்பது, நீர் வடிந்த மாதங்களில்தான் கிட்டே போக முடியும். அந்தப் பக்கம் இருப்பவர் யாராவது விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய், வெயில் பக்கவாட்டில் விழும்போது, கல்லை முழுதாக ஒன்றும் எழுத்தை மட்டும் நெருக்கமாக நான்கைந்தும் எடுங்கள். அளவுக்கு ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வையுங்கள். சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தைத் துலக்க வேண்டாம், கல் கெடும். படத்தைப் பொதுவகத்தில் ஏற்றி, அவருடைய வரைவில் அந்த மறைகுறிப்பு இருக்கும் இடத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
அவரோடு தொகுத்தவர்கள் சிலர்